சர்வர் ஏற்க மறுக்கும் ஹார்டு டிஸ்க்: பதறாமல் பார்க்க வேண்டியவை

வணிகப் பெருமக்களுக்குச் சரக்கு எவ்வளவு முக்கியமோ, கணக்கும் அவ்வளவு முக்கியம். சரக்கில் ஏற்பட்ட நஷ்டத்தை அடுத்த சீசனில் ஈடுகட்டலாம். யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தப் பில்லுக்கு எவ்வளவு வரி என்ற விவரம் தொலைந்து போனால், அதை எந்த மண்டியிலும் விலைக்கு வாங்க முடியாது.

சட்டமும் இதை வலியுறுத்துகிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாத்து வைக்க வேண்டும். கணிப்பொறியில் கணக்கு வைத்திருப்பவர்கள் முறையான நகல் எடுத்து, விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று விதிகளில் 57ஆவது விதி சொல்கிறது.

இதனால்தான் நம்மில் பலர் வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். பில் போடும் கணிப்பொறிகளில் விண்டோஸ். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பின்னறையில் ஒரு சர்வர். லைசென்ஸ் செலவு இல்லை என்பதால் அதில் லினக்ஸ். இரண்டுக்கும் இடையே போய் வருவது இந்த டிஸ்க். ஆடிட்டர் அலுவலகத்துக்கும் அதுதான் போகிறது. அப்படிப் போய்த் திரும்பிய டிஸ்க்கை ஒருநாள் சர்வரில் செருகினால் ஒன்றும் நடப்பதில்லை. 'மவுண்ட் ஆகவில்லை' என்கிறார் பையன். உள்ளே இருப்பதோ மூன்று வருடக் கணக்கு. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கீழே வரும் கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்பில் தந்திருக்கிறோம். அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், புள்ளி இல்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு நிர்வாகி உரிமை தேவைப்படும்.

சிட்டையும் பேரேடும்

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைப்பதற்கு ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு முறை உண்டு. விண்டோஸ் பயன்படுத்தும் முறையின் பெயர் என்.டி.எஃப்.எஸ். இது 1993இல் விண்டோஸ் என்.டி. 3.1 உடன் வந்தது. லினக்ஸில் பரவலாக உள்ளது இ.எக்ஸ்.டி.4 என்ற முறை. விண்டோஸ் முறையில் எழுதிய டிஸ்க்கை லினக்ஸ் நம்பகமாகப் படிக்கவும் எழுதவும் வழி செய்தது என்.டி.எஃப்.எஸ்.-3ஜி என்ற இலவச மென்பொருள். இதன் முதல் நிலையான பதிப்பு 2007இல் வெளிவந்தது. 2021இல் லினக்ஸ் கெர்னல் 5.15 பதிப்பில், பாரகன் நிறுவனம் எழுதிய என்.டி.எஃப்.எஸ்.3 என்ற டிரைவர் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஆகவே 'லினக்ஸுக்கு விண்டோஸ் டிஸ்க் சரிப்படாது' என்று யாராவது சொன்னால் அது பழைய கதை.

பிறகு ஏன் மறுக்கிறது? நம் கணக்கு முறையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுகிறோம். விண்டோஸும் அப்படியே. டிஸ்க்கில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகே உரிய இடத்தில் பதிகிறது. வேலை நடக்கும்போது 'கணக்கு இன்னும் முடியவில்லை' என்று டிஸ்க்கிலேயே ஓர் அடையாளம் இருக்கும். முறைப்படி மூடினால் அந்த அடையாளம் நீங்கிவிடும். கேபிளை வெடுக்கென்று பிடுங்கினாலோ, நடுவில் மின்சாரம் போனாலோ அடையாளம் அப்படியே நின்றுவிடும். சிட்டையில் இருப்பது பேரேட்டில் ஏறியதா இல்லையா என்று தெரியாத நிலையில், புதிதாக வந்த கணக்குப்பிள்ளை அதில் கை வைக்க மறுப்பது நியாயம்தானே? லினக்ஸ் மறுப்பதும் அந்த நியாயத்தால்தான். பெரும்பாலான சமயங்களில் டிஸ்க் கெட்டிருக்காது. கணக்கு மூடப்படாமல் இருக்கும்.

முதலில் செய்யக் கூடாதவை

ஒன்று: எந்தக் கணிப்பொறியாவது 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே பதில் சொல்லுங்கள். அவசரத்தில் 'சரி' என்று தட்டி, நல்ல டிஸ்க்கைக் காலி செய்வதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய நஷ்டம்.

இரண்டு: டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்காதீர்கள். உடனே கழற்றி வையுங்கள். இது இயந்திரக் கோளாறு. இதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

மூன்று: கட்டாயப்படுத்தி ஏற்றும் வழிகளை முதலிலேயே கையாளாதீர்கள். அவை கடைசி வழிகள்.

படி 1: கேபிளும் மின்சாரமும்

பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு. அது பொருத்தப்பட்டிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சிறிய 2.5 அங்குல டிஸ்க் யு.எஸ்.பி. வாயிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய யு.எஸ்.பி. 2.0 வாய் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 வாய் 900 தரும். சர்வரின் முன்பக்க வாயிலோ, நான்கு பேர் பங்கிடும் ஹப்பிலோ செருகினால் மின்சாரம் போதாமல் டிஸ்க் சுழன்று சுழன்று நிற்கும். பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். வேறொரு கேபிளையும் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கைக் குறை சொல்லும் பல இடங்களில் குற்றவாளி கேபிள்தான்.

படி 2: சர்வர் டிஸ்க்கைப் பார்க்கிறதா?

எல்.எஸ்.பி.எல்.கே. என்ற கட்டளையைக் கொடுங்கள். சர்வருக்குத் தெரிந்த எல்லா டிஸ்க்குகளும் அளவோடு வரிசையாக வரும். முதல் டிஸ்க் எஸ்.டி.ஏ. என்றும் அடுத்தது எஸ்.டி.பி. என்றும் காட்டப்படலாம். நீங்கள் வாங்கிய டிஸ்க்கின் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். பட்டியலிலேயே இல்லை என்றால் படி 1க்குத் திரும்ப வேண்டும். பெயர் இருந்து, அளவு பூஜ்யம் என்று காட்டினால் டிஸ்க்கின் உள்ளே அல்லது பெட்டியில் உள்ள மின்னணுப் பலகையில் கோளாறு என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எஸ்.டி.பி. என்பது முழு டிஸ்க், எஸ்.டி.பி.1 என்பது அதில் உள்ள முதல் பகுதி. குடோனுக்கும் குடோனில் உள்ள அறைக்கும் உள்ள வித்தியாசம் இது. கோப்புகள் இருப்பது அறையில். பலர் எண்ணை விட்டுவிட்டு முழு டிஸ்க்கை ஏற்றச் சொல்லி, மறுக்கிறது என்று கலங்குகிறார்கள்.

இன்னொன்று: டெஸ்க்டாப் லினக்ஸில் செருகியவுடன் டிஸ்க் தானாகத் திறக்கும். சர்வர் வகை லினக்ஸில் அப்படித் திறக்காது. மவுண்ட் கட்டளை கொடுத்தால்தான் ஏற்கும். கட்டளை கொடுக்காமலேயே 'ஏற்கவில்லை' என்று சொல்வதில் பொருளில்லை.

படி 3: எந்த முறையில் எழுதப்பட்டது?

எல்.எஸ்.பி.எல்.கே. உடன் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் எஃப் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு பகுதியும் எந்த முறையில் உள்ளது என்று தெரியும்.

என்.டி.எஃப்.எஸ். என்று வந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

பிட்லாக்கர் என்று வந்தால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸில் யாரோ பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு அல்லது 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. அந்த எண் இருந்தால் விண்டோஸில் பூட்டை நீக்கிக் கொண்டுவருவதே எளிது. லினக்ஸிலேயே திறக்க வேண்டுமானால் கிரிப்ட்செட்டப் என்ற மென்பொருள் 2020இல் வந்த 2.3 பதிப்பு முதல் இதற்கு உதவுகிறது. பூட்டுப் போட்டிருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் மீட்பு எண்ணையும் காகிதத்தில் எழுதி இரும்புப் பெட்டியில் வைப்பது உத்தமம்.

எந்த முறையும் காட்டாமல் வெறுமையாக வந்தால் ஒரு சந்தர்ப்பத்தை நினைவில் கொள்ளுங்கள். சில வெளி டிஸ்க் பெட்டிகள் உள்ளே உள்ள டிஸ்க்கை 4,096 பைட் துண்டுகளாகக் காட்டும். அந்த டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து பிரித்து வேறு பெட்டியில் போட்டால், அது 512 பைட் துண்டுகளாகக் காட்டலாம். அப்போது பகுதிகள் இருக்குமிடம் தவறாகத் தெரியும். தகவல் மறைந்தது போலத் தோன்றும். பழைய பெட்டியிலேயே திரும்பப் போட்டால் எல்லாம் தென்படும்.

படி 4: காரணத்தை எங்கே படிப்பது?

மவுண்ட் கட்டளை மறுக்கும்போது திரையில் ஒரு நீண்ட வாக்கியம் வரும். முறை தவறு, விருப்பம் தவறு, சூப்பர்பிளாக் கெட்டது, வேறு ஏதோ பிழை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும். சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்று அதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். உண்மையான காரணம் வேறிடத்தில் எழுதப்பட்டிருக்கும். டி.எம்.இ.எஸ்.ஜி. என்ற கட்டளையைக் கொடுத்து, வரும் கடைசி பத்து வரிகளைப் படியுங்கள். அதில் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருக்கும்.

முதலாவது, 'இந்த முறை எனக்குத் தெரியாது' என்ற பொருளில் வரும் செய்தி. இது மவுண்ட் கட்டளையின் பதிலிலேயே வருவதும் உண்டு. டிரைவர் இல்லை என்று பொருள். டெபியன், உபுண்டு சர்வர்களில் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி தொகுப்பை நிறுவினால் போதும். ரெட் ஹாட் வகைகளில் அது அடிப்படைத் தொகுப்பில் கிடையாது. ஈபெல் எனப்படும் கூடுதல் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, டிஸ்க் 'டர்ட்டி' என்றோ, சுத்தமாக மூடப்படவில்லை என்றோ, விண்டோஸின் நினைவகத்தில் இன்னும் தகவல் தங்கியிருக்கிறது என்றோ வரும் செய்தி. மேலே சொன்ன மூடாத கணக்கு இதுதான். நம் கடைகளில் அதிகம் நடப்பதும் இதுதான்.

மூன்றாவது, 'ஐ.ஓ. எரர்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவது. இது கேபிள், மின்சாரம் அல்லது டிஸ்க்கின் உடல்நலக் கோளாறு. கேபிளை மாற்றியும் நீடித்தால் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: மூடாத கணக்கை மூடுவது

முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவோம். மவுண்ட் கட்டளையில் 'படிக்க மட்டும்' என்ற ஆர்.ஓ. விருப்பத்தைச் சேர்த்துக் கொடுங்கள். சுத்தமாக மூடப்படாத டிஸ்க்கையும் பெரும்பாலும் இந்த முறையில் சர்வர் ஏற்றுக்கொள்ளும். டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட மாறாது. ஏற்றவுடன் முக்கியமான கணக்குக் கோப்புகளை வேறிடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு டிஸ்க்கை முறைப்படி கழற்றி, ஒரு விண்டோஸ் கணிப்பொறியில் செருகுங்கள். கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து, செக்டிஸ்க் என்ற கட்டளை, டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, சாய்கோடு, எஃப் என்று கொடுங்கள். விண்டோஸ் தன் சிட்டையையும் பேரேட்டையும் தானே ஒத்துப்பார்த்துச் சரிசெய்யும். பிறகு 'பாதுகாப்பாக அகற்று' என்பதைச் சொடுக்கி, அகற்றலாம் என்ற செய்தி வந்த பின்பே கேபிளை எடுங்கள்.

இவ்வளவும் செய்தும் அடுத்த வாரம் அதே தொல்லை வந்தால் காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆக இருக்கலாம். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி இது. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் திறப்பதற்காகத் தன் நிலையைச் சேமித்துக்கொண்டு பாதி உறக்கத்தில் போகிறது. அப்போது செருகியிருந்த வெளி டிஸ்க்கும் மூடப்படாமல் நிற்கலாம். கடையைப் பூட்டும்போது கணிப்பொறியை அணைத்துவிட்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போகும் வழக்கம் உள்ளவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். கண்ட்ரோல் பேனலில் மின்சார அமைப்புப் பகுதிக்குள் சென்று, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இந்த வசதியை நிறுத்திவிடலாம். அதுவரை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுத்தால் அன்றைக்கு முழுதாக அணையும்.

பக்கத்தில் விண்டோஸ் கணிப்பொறியே இல்லாதவர்களுக்கு லினக்ஸில் என்.டி.எஃப்.எஸ்.ஃபிக்ஸ் என்ற கட்டளை உண்டு. ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். அது சில எளிய முரண்பாடுகளைச் சரிசெய்து, சிட்டையைத் துடைத்து, அடுத்த முறை விண்டோஸ் தானே சோதிக்கும்படி குறித்து வைக்கும். செக்டிஸ்க் செய்யும் முழுச் சோதனைக்கு அது ஈடாகாது. நகல் எடுத்த பின்பே அதைப் பயன்படுத்துங்கள்.

ஏற்றிய பின்பும் எழுத முடியவில்லையா?

டிஸ்க் ஏறிவிட்டது, கோப்புகள் தெரிகின்றன, ஆனால் பில்லிங் கணிப்பொறியிலிருந்து எழுத முடியவில்லை என்ற குறையும் வருவதுண்டு. இதற்கு இரண்டு காரணங்கள். டிஸ்க் சுத்தமாக இல்லாததால் சர்வர் தானாகவே 'படிக்க மட்டும்' என்று ஏற்றியிருக்கலாம்; அதற்கு மருந்து செக்டிஸ்க். இல்லையென்றால் கோப்புகள் எல்லாம் நிர்வாகி பெயரில் இருக்கலாம். விண்டோஸ் டிஸ்க்கில் லினக்ஸின் உரிமை மாற்றும் கட்டளைகள் பெரும்பாலும் பலிக்காது. ஏற்றும்போதே யாருக்கு உரிமை என்று யூ.ஐ.டி., ஜி.ஐ.டி., யூமாஸ்க் என்ற விருப்பங்களில் சொல்லிவிட வேண்டும்.

வெற்று அறையில் இறக்கிய சரக்கு

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. லினக்ஸில் டிஸ்க்கை ஏற்றுவதற்கு ஒரு வெற்று ஃபோல்டரை ஒதுக்குகிறோம். டிஸ்க் ஏறியிருக்கும்போது அந்த ஃபோல்டர் டிஸ்க்கின் வாசல். ஏறாதபோது அது சர்வரின் சொந்த டிஸ்க்கில் உள்ள வெறும் ஃபோல்டர். இரவு 10 மணிக்குத் தானாக நகல் எடுக்கும் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. டிஸ்க் ஏறாத நாட்களிலும் அதே ஃபோல்டரில் நகலை எழுதிவிட்டு 'வெற்றி' என்று குறித்துக்கொள்ளும். நாமும் நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். நகலும் அசலும் ஒரே டிஸ்க்கில் இருப்பது அந்த டிஸ்க் கெடும் நாளில்தான் தெரியவரும். அதற்கு முன்பே சர்வர் நிரம்பி நின்றுவிடுவதும் உண்டு.

ஆகவே நகல் நிரலின் முதல் வரியாக மவுண்ட்பாயிண்ட் என்ற கட்டளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஃபோல்டரில் உண்மையிலேயே ஒரு டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். ஏறவில்லை என்றால் நிரல் அங்கேயே நின்று எச்சரிக்க வேண்டும். சர்வரைக் கவனிப்பவருக்கு இது சில நிமிட வேலை.

சர்வர் திறக்கும்போதே டிஸ்க் ஏற வேண்டும் என்று எஃப்.எஸ்.டேப் கோப்பில் எழுதுபவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்கவும். எஸ்.டி.பி.1 என்ற பெயர் அடுத்த முறை எஸ்.டி.சி.1 ஆக மாறிவிடலாம், அதனால் யூ.யூ.ஐ.டி. எண்ணைக் கொண்டு எழுதுங்கள். டிஸ்க்கை மறுபடி ஃபார்மேட் செய்தால் அந்த எண்ணும் மாறும் என்பது நினைவில் இருக்கட்டும். ஒன்று விட்டு ஒருநாள் இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிச் செருகுபவர்கள் இரண்டுக்கும் ஒரே லேபிள் பெயர் வைத்து, அந்த லேபிளைக் கொண்டு எழுதலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மட்டும் செருகாதீர்கள். 'நோஃபெயில்' என்ற சொல்லையும் அவசியம் சேர்க்கவும். இல்லாவிட்டால் டிஸ்க் செருகப்படாத நாளில் சர்வர் காத்திருந்து பார்த்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். ஒரு டிஸ்க்கால் அன்றைய வியாபாரமே முடங்கும்.

டிஸ்க் தேய்ந்துவிட்டால்

ஸ்மார்ட்சி.டி.எல். என்ற கட்டளை டிஸ்க்கின் உடல்நல அறிக்கையைத் தரும். அதில் இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். அவை பூஜ்யமாக இருப்பது நல்லது. மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். இப்படித் தேய்ந்த டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம். அந்த உழைப்பையே அது தாங்காமல் போகலாம். முதலில் டி.டி.ரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் புதிய டிஸ்க்குக்குப் படியெடுத்து, பழுதுபார்ப்பதை அந்தப் படியில் செய்ய வேண்டும். படியெடுக்கும்போது எது பழையது, எது புதியது என்று இருமுறை சரிபாருங்கள். 'டக் டக்' சத்தம் வரும் டிஸ்க்குக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. தகவல் மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும்.

எந்த முறையில் ஃபார்மேட் செய்வது?

புதிய டிஸ்க் வாங்குபவர்கள் அதன் உபயோகத்தை வைத்து முடிவு செய்யலாம். சர்வரை விட்டு நகராத டிஸ்க் என்றால் லினக்ஸின் சொந்த முறையான இ.எக்ஸ்.டி.4 நல்லது, ஆனால் அதை விண்டோஸ் நேராகப் படிக்காது. இரண்டுக்கும் இடையே போய் வருவது என்றால் என்.டி.எஃப்.எஸ். போதும், மேலே சொன்ன ஒழுங்கு இருந்தால். எக்ஸ்ஃபேட் முறையை இரண்டும் படிக்கும். லினக்ஸ் கெர்னலில் 2020இல் வந்த 5.7 பதிப்பு முதல் இதற்கு நல்ல டிரைவர் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் சிட்டை கிடையாது. கேபிளைப் பிடுங்கினால் சேதம் அதிகமாகலாம். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜி.பி. அளவுள்ள கோப்பை வைக்க முடியாது. நகல் கோப்புகள் அதைத் தாண்டிவிடும் என்பதால் அது வேண்டாம்.

சர்வர் அருகே ஒட்டி வைக்க

1. கேபிளைப் பிடுங்காதே, முறைப்படி கழற்று.
2. 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்.
3. மறுத்தால் முதலில் டி.எம்.இ.எஸ்.ஜி. படி.
4. 'படிக்க மட்டும்' முறையில் ஏற்றி, நகல் எடு. பிறகே பழுது பார்.
5. மூடாத டிஸ்க்குக்கு விண்டோஸில் செக்டிஸ்க்.
6. நகல் எடுக்கும் முன் டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று பார்.
7. மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பார்.

ஏழாவது வரியை எளிதாக நினைத்துவிட வேண்டாம். திறந்து பார்க்காத நகல், எடை போடாமல் வாங்கிய மூட்டை. உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் சர்வரைக் கவனிக்கும் அன்பரை அழைத்து, போன மாதத்து நகலிலிருந்து ஒரு பில்லை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எடுத்துக் காட்டிவிட்டால் ரிட்டன் தாக்கல் நாளில் நிம்மதி. எடுக்க முடியவில்லை என்றால், அதைச் சரிசெய்ய இன்னும் அவகாசம் இருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள் என்று மகிழுங்கள்.